வன்னியில் விடுமுறைக்குப் போனபோது கண்ட மரவேலைகள்: முதிரைக் கதவு, சவாரி வண்டில் சில்லு, ஷெல் துண்டு ஏறிய பாலை

சீவுளி, மட்டக்களப்பு:

ஆகஸ்ட் விடுமுறைக்குக் குடும்பத்தோடு மனைவியின் ஊரான முள்ளியவளைக்குப் போய் வந்தோம். பிள்ளைகள் வற்றாப்பளைக் கோயில், முல்லைத்தீவுக் கடற்கரை, முத்தையன்கட்டுக் குளம் என்று ஓடித் திரிந்தார்கள். எனக்கு வழியெல்லாம் கதவும் நிலையும் கூரை மரமும்தான் கண்ணில் பட்டன. மரவேலை தெரிந்தவர்கள் வன்னிப் பக்கம் போனால் எங்கே நின்று எதைப் பார்க்கலாம் என்று ஒரு இடத்தில் எழுதி வைத்தால் பிறகு போகிறவர்களுக்கு உதவும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பழைய மரம் வாங்கி விற்பதற்கான பதிவு இல்லை இது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மரத்தில் இருந்து தொடங்கலாம். வவுனியா தாண்டி ஏ9 வீதியில் ஏறினால் இரண்டு பக்கமும் உலர்வலயக் காடு. பாலை, முதிரை, வீரை, சவண்டலை, அங்கங்கே கருங்காலி. ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் பெய்கிற மாரிதான் பெரிய மழை, மற்ற மாதமெல்லாம் வெயில். இந்த மரங்கள் ஆறுதலாகத்தான் பருக்கும், வைரம் ஏறிவிட்டால் இரும்புதான். பாலையும் கருங்காலியும் தண்ணீரில் போட்டால் தாழ்ந்துவிடும். காய்ந்த முதிரை கன மீட்டருக்கு 900 கிலோ அளவில் நிற்கும், தேக்கு 650 அளவில்தான். பாலைப்பழப் பருவம் முடிகிற நேரம் என்பதால் வீதியோரத்தில் கடைசிப் பழம் விற்றார்கள். பிள்ளைகள் உதடெல்லாம் பால் ஒட்ட ஒட்டச் சாப்பிட்டார்கள், அந்த மரத்தின் கட்டைதான் முந்தி ரயில் தண்டவாளத்துக்குக் கீழே சிலிப்பர் கட்டையாகக் கிடந்தது என்று சொன்னால் நம்பவே மாட்டேன் என்றார்கள்.

மாமி வீட்டுக் கதவில்தான் அதிக நேரம் போனது. போர்க்காலச் சண்டையில் கூரையும் பாதிச் சுவரும் போய், நிலையும் கதவும் மட்டும் மிஞ்சின வீடு. பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் கிடைத்துப் புது வீடு கட்டினபோது அந்த நிலையைக் கழற்றிப் புதுச் சுவரில் வைத்துவிட்டார்கள். இரட்டைக் கதவு, பிணைச்சல் கிடையாது, குடுமிக் கதவு. கதவோடு சேர்ந்தே மேலும் கீழும் விட்டுச் செதுக்கின குடுமி, மேலே நிலையின் துளைக்குள்ளும் கீழே வாசற்படிக் குழிக்குள்ளும் நின்று சுழல்கிறது. கீழ்க் குடுமி ஒரு பக்கம் தேய்ந்து வட்டம் கெட்டுப் போயிருக்கிறது, ஆனாலும் மாமி இடைக்கிடை இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடுவதால் சத்தமே இல்லை.

ஒரு கதவின் கீழ்ச்சட்டம் உக்கினதால் மச்சான் அதைக் கழற்றி வைத்திருந்தார், அதனால் பொருத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் கிடைத்தது. ஒரு சட்டத்தில் துளை, மற்றதன் நுனியில் அதற்குள் இறங்குகிற கழுந்து, அவற்றைக் கோத்து ஒரு மர ஆணி. கழன்று வந்த ஆணியைக் கையில் எடுத்துப் பார்த்தால் நேராக இல்லை, நடுவில் மெல்லிய வளைவு விழுந்திருக்கிறது. கழுந்தில் போட்ட துளை சட்டத்தில் போட்ட துளைக்கு நேரே இல்லாமல் அரை நூல் அளவுக்குத் தள்ளி இருப்பதுதான் காரணம். ஆணி உள்ளே போகும்போது வளைந்து கொடுத்துக் கழுந்தை உள்ளே இழுத்து இறுக்கிவிடுகிறது. பசை இல்லை, இரும்பு இல்லை. நாங்கள் கிளாம்ப் போட்டு இரவு முழுக்கப் பசை காயக் காத்திருக்கிற வேலையை அந்தத் தச்சர் ஒரு துளையைத் தள்ளிப் போட்டே முடித்திருக்கிறார். மச்சான் புதுக் கீழ்ச்சட்டத்துக்கு இரும்புத் தகடும் திருகாணியும் வாங்கி வைத்திருந்தார். அதை விட்டுவிட்டு அதே முறையில் செய்து கொடுத்தேன், ஒரு பகல் முழுக்கப் போனது, அந்த நாளுக்காகவே மறுபடி வன்னிக்குப் போகலாம்.

அடுத்தது வண்டில் சில்லு. ஒட்டுசுட்டானில் இருந்து முள்ளியவளைக்கு வரும் வழியில் ஒரு கொட்டிலின் முன்னால் சில்லு சாத்தி இருப்பதைக் கண்டு வாகனத்தை நிறுத்தச் சொன்னேன். வயலுக்கெல்லாம் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்து எத்தனையோ காலம், ஆனால் வன்னியில் மாட்டு வண்டில் ஓட்டப் போட்டியான சவாரி இன்னும் நடக்கிறது, சவாரி வண்டில் இருக்கும் வரைக்கும் சில்லு திருத்த ஒருவர் வேண்டும். அந்த ஐயா மரச் சுத்தியலான கொட்டாப்புளியால் ஒவ்வொரு ஆரைக்காலாகத் தட்டிக்கொண்டே சில்லைச் சுற்றி வந்தார். இறுகி நிற்பது கணீர் என்கிறது, ஒன்று மட்டும் டொக் என்றது, அதில் சுண்ணாம்பால் ஒரு கோடு. நடுவில் இருக்கிற குடமும் சுற்று விளிம்பான வட்டைகளும் சவண்டலை. புதிதாகச் செய்து வைத்த ஆரைக்கால்களை அடுப்புக்கு மேலே பரணில் புகையில் போட்டிருந்தார். கழுந்து நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், குடம் அவ்வளவுக்குக் காயாமல் இருக்க வேண்டும், பிறகு குடம் காய்ந்து சுருங்கும்போது கழுந்தைக் கவ்விப் பிடிக்கும் என்றார். மாமி வீட்டுக் கதவில் ஆணியை வளைத்துச் செய்ததை இவர் ஈரத்தை வைத்துச் செய்கிறார். வெளியே போடுகிற இரும்புப் பட்டத்தைச் சில்லைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒட்டி, விறகும் ஊமலும் போட்டு எரித்துச் சிவக்கவிட்டு, சில்லில் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்களாம். அது கொல்லரும் தச்சரும் சேர்ந்து செய்கிற வேலை, அன்றைக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை.

அதே கொட்டிலில் இன்னொன்று. ஒரு முதிரைப் பலகையை உடைந்த யன்னல் கண்ணாடித் துண்டால் சுரண்டிக்கொண்டிருந்தார். முதிரையின் நார் ஒரு அடுக்கு இந்தப் பக்கமும் அடுத்த அடுக்கு அந்தப் பக்கமுமாகப் பின்னி ஓடும், அதனால்தான் வெளிச்சத்தில் பட்டுப்போல மின்னுகிறது, அதனாலேயே சீவுளி போட்டால் எந்தப் பக்கம் போட்டாலும் பிய்ந்து வருகிறது. கண்ணாடி விளிம்பைக் கொஞ்சம் சரித்துப் பிடித்து இழுத்தால் தூள் வராது, வெங்காயத் தோலைவிட மெல்லிய சுருள் வரும். விளிம்பு மழுங்கினால் துண்டை உடைத்தால் புது விளிம்பு. பக்கத்தில் மண்ணெண்ணெய்த் துணியும் ஒரு சட்டி மணலும், உடைந்த துண்டுகளைப் போட. நான் வாங்கி வைத்திருக்கிற இரும்புச் சுரண்டியைவிட அந்தக் கண்ணாடி அருமையாக வேலை செய்தது.

சமையலறைச் சாமான்களையும் விட்டுவிடாதீர்கள். ஒரே கட்டையில் குடைந்த தேங்காய் துருவுகிற திருவலை, பாலைக் கட்டை உரல், பூண் போட்ட கருங்காலி உலக்கை. ஒரு வளவில் நெல் சேர்த்து வைக்கிற பழைய கொம்பறை நின்றது. தடியால் பின்னி மண்ணும் சாணமும் பூசினது, நிலத்தில் படாமல் பாலைக் குற்றிகளில் ஏற்றி வைத்திருக்கிறார்கள், கறையான் குற்றியைத் தொடவே இல்லை. பழைய வீடுகளின் கூரையைப் பார்த்தால் பனைக் கைமரம். பனையில் வைரம் வெளியே, மென்மையான சோத்தி உள்ளே, அதனால் சீவும்போது உள்பக்கத்தைத்தான் தள்ளுவார்கள்.

இதில் ஒன்றுகூடக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த சாமான் இல்லை. எல்லாம் வேலை செய்கிறது. வேலை செய்வதால்தான் இன்றைக்கும் இருக்கிறது. திருத்தத் தெரிந்த கை ஊரில் இருப்பதால்தான் வேலை செய்கிறது. போகிறவர்கள் மரத்தை விலை கேட்பதற்கு முதல் அந்தக் கையைத் தேடிப் போய்ப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.


மாங்குளத்தான்:

நல்ல பதிவு அண்ணை. எங்கள் ஊரைத் தாண்டித்தான் போயிருக்கிறீர்கள், அடுத்த முறை வரும்போது சொல்லுங்கள்.

நான் மரம் அறுக்கிற மரக்காலையில் வேலை செய்தவன். வன்னி மரத்தைப் பற்றிப் பேசும்போது ஷெல் துண்டைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. 2009க்குப் பிறகு சனம் திரும்பி வந்து வீடு கட்டத் தொடங்கினபோது விழுந்த மரம், எரிந்த மரம் எல்லாம் அறுக்க வந்தது. வாள் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு சத்தம் வரும், நெஞ்சு நின்றுவிடும், பிறகு பார்த்தால் பல் போய்விட்டது. சில நேரம் வாளே அறுந்து பறந்தது. வெளியில் இருந்து ஒன்றும் தெரியாது. துண்டு ஏறின இடத்திலேயே இருக்கும், மரம் வருடா வருடம் அதற்கு மேலே புது மரம் போட்டு மூடிக்கொண்டே போகும், அதனால் இன்றைக்கு அறுக்கிற மரத்தில் இன்னும் ஆழத்தில் இருக்கும்.

நாங்கள் பார்க்கிற அடையாளம் இதுதான். பட்டையில் ஆறின காயம் மாதிரி ஒரு தடிப்பு. அறுத்த முகத்தில் கருநீலக் கறை, இரும்பும் மரத்தின் துவர்ப்பும் ஈரமும் சேர்ந்தால் அந்த நிறம் வரும், கறை வந்த திசையில் போனால் துண்டு இருக்கும். காந்தம் பிடித்துப் பார்க்கலாம், ஆனால் காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். துப்பாக்கி ரவையில் ஈயமும் செம்பும் இருந்தால் காந்தம் இழுக்காது. உலோகம் காட்டுகிற கருவி ஒன்று இருந்தால்தான் நிம்மதி.

பழைய வீட்டுக் கைமரம், நிலை, கதவு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சண்டைக்காலத்தில் பதுங்குகிற பங்கருக்குப் போட்ட பனங்குற்றியைத் திரும்ப எடுத்து அறுக்கக் கொண்டு வருவார்கள், அதில் மண்ணும் கல்லும் துண்டும் கலந்து இருக்கும். எங்கள் முதலாளி கடைசியில் பங்கர்க் குற்றி எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

இன்னொன்று, இது கட்டாயம். விடுமுறைக்கு வருகிறவர்கள் மரம் பார்க்கிறேன் என்று காட்டுக்குள் இறங்க வேண்டாம். மண்டையோட்டுக் குறி போட்ட சிவப்புப் பலகை இருக்கிற இடத்தில் கால் வைக்கவே வேண்டாம். முகமாலைப் பக்கமெல்லாம் கண்ணிவெடி எடுக்கிற வேலை எத்தனை வருடமாக நடக்கிறது என்று தெரியும்தானே. மரத்தில் வெடிக்காத ஏதாவது செருகி நிற்பதைக் கண்டால் தொடாமல் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.


தஞ்சைத் தச்சன்:

ஐயா, படிக்கப் படிக்க ஆசையா இருக்கு. எங்க தாத்தா வீட்டுலயும் குடுமிக் கதவுதான், இப்ப யாரும் அப்படிச் செய்யறதில்லை. ரெண்டு சந்தேகம்.

ஒண்ணு, ஆணித் துளையை எவ்வளவு தள்ளிப் போடணும்? ஒரு தடவை முயற்சி பண்ணிப் பார்த்தேன், ஆணி பாதியிலேயே உடைஞ்சிடுச்சு. ரெண்டாவது, கதவுக்குச் சரி, பாரம் தாங்கற இடத்துல இரும்பே இல்லாம மர ஆணியை நம்பலாமா?

அப்புறம் அந்தக் கண்ணாடி விஷயம் இங்கேயும் பழைய ஆட்கள் செய்வாங்க. உளுத்தம் பருப்பு அளவுக்கு ஒரு துண்டு விரல்ல ஏறினா போதும், ஒரு வாரம் வேலை போயிடும், கையுறை போட்டுக்கிட்டு செய்யுங்க.


சீவுளி, மட்டக்களப்பு:

தஞ்சைத் தம்பி, தள்ளுவது மரத்தைப் பொறுத்தது. முதிரை, பாலை மாதிரி இறுகின மரத்தில் அரை நூலுக்கு மேல் போகாதீர்கள், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. வேம்பு, பூவரசு மாதிரிக் கொஞ்சம் கொடுக்கிற மரத்தில் இன்னும் சற்றுக் கூட்டலாம். உங்கள் ஆணி உடைந்ததற்குப் பெரும்பாலும் நார்தான் காரணமாக இருக்கும். ஆணியை வாளால் அறுத்துச் செய்தால் நார் குறுக்கே வெட்டுப்படும், வளைக்கும்போது அந்த இடத்தில் முறியும். வாய்ச்சியாலோ கத்தியாலோ பிளந்து எடுத்துச் செதுக்கினால் நார் தலையில் இருந்து நுனி வரைக்கும் ஓடும். நுனியை நீளமாகக் கூர் சீவுங்கள், முதலில் நுனி துளை தேடி உள்ளே போய்விட்டால் மிச்சம் தானாகப் பின்னால் வரும். ஆணி நன்றாகக் காய்ந்திருக்கவும் வேண்டும்.

பாரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 1833இல் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே ஒரு பாலம் கட்டினார்கள். முழுக்க முதிரை, ஒரே வளைவு, 200 அடிக்குச் சற்று மேல், இரும்பு ஆணியோ போல்ட்டோ இல்லை. அதில் வண்டிலும் குதிரை வண்டியும் போய் வந்தன, எழுபது வருடம் போல நின்றது. பொருத்து சரியாக இருந்தால் பாரத்தைத் தாங்குவது கழுந்தின் தோள்தான், ஆணி அதை விலகாமல் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஆணியின் தலையில் பாரம் ஏறுகிற மாதிரி வரைந்தால் மரமும் தாங்காது, இரும்பும் நாளடைவில் துருப்பிடித்து மரத்தையும் சேர்த்து உக்க வைக்கும். மாமி வீட்டில் இரும்புக் கொளுக்கி அடித்த இடத்தைச் சுற்றி மட்டும் கறுத்துப் பொடிந்து கிடந்தது, அதற்கு ஒரு சாண் தள்ளி மர ஆணி இருந்த இடம் அப்படியே இருந்தது.

மாங்குளத்தான் சொன்ன கறை இப்போதுதான் விளங்குகிறது. மச்சான் வீட்டு விறகுக் குவியலில் பாலைத் துண்டு ஒன்றில் அந்தக் கருநீலம் கண்டேன், நடுவில் ஒரு கூரான இரும்பு, மேலே பட்டை முழுக்க மூடி வழுவழுப்பாக இருந்தது. மகள் அதை எடுத்து இது என்ன என்று கேட்டாள். மச்சான்தான் பதில் சொன்னார், நான் பக்கத்தில் நின்றேன்.


பனிநாட்டான், ரொறன்ரோ:

அண்ணை, உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். நான் வேறு ஒரு விஷயம் கேட்க வந்தேன், தப்பாக எடுக்காதீர்கள்.

வட்டக்கச்சியில் அப்பப்பா கட்டின வீடு இருந்தது. இப்போது கூரை இல்லை, சுவர் இரண்டு நிற்கிறது, அதில் முதிரை நிலையும் ஒற்றைக் கதவும். காணியைச் சித்தப்பாவின் மகன் பார்க்கிறார். அவர் புதுக் கிணறும் கோழிக்கூடும் கட்டுவதற்கு அந்த இடத்தைத் துப்புரவாக்கப் போகிறார், கதவை யாரோ கேட்டிருக்கிறார்கள், கொடுக்கலாமா என்று கேட்கிறார். எனக்கு அதைக் கொள்கலனில் போட்டு இங்கே எடுத்து என் வீட்டு முன்கதவாகப் போட வேண்டும் என்று ஆசை. செலவு பரவாயில்லை. இதை யார் செய்து தருவார்கள்?


கலைவாணி, வவுனியா:

பனிநாட்டான், நான் நேராகவே சொல்கிறேன். வருடா வருடம் விடுமுறைக்கு ஆட்கள் வந்து பெட்டகம், உரல், கதவு, வண்டில் சில்லு என்று விலை பேசி ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் நான். கொழும்பில் உணவகச் சுவரில் மாட்டுகிறார்கள், இல்லாவிட்டால் சில்லுக்கு மேலே கண்ணாடி போட்டு மேசை ஆக்குகிறார்கள். இங்கே உள்ளவன் அடுத்த நாள் கடையில் போய்த் தகரக் கதவு வாங்கிப் போடுகிறான். என் அப்பா தச்சு வேலை செய்தவர். அவர் செய்த கதவுகளில் எத்தனை இன்று இந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று தேடினால் மனம் கசக்கும். சண்டை கொண்டு போனது பாதி, விலை பேசினவர்கள் கொண்டு போனது மீதி.

சட்டமும் இருக்கிறது. பழைய பண்பாட்டுப் பொருள்களை அனுமதி எடுக்காமல் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது, அதற்கு 1988இல் தனிச் சட்டமே வந்தது. உள்ளூரிலேயே முதிரையை லொறியில் ஏற்றுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், இல்லாமல் போனால் வழியில் மறித்து எடுத்துவிடுவார்கள். கதவு உங்களுடையது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் அப்பப்பா வெயிலுக்கும் மாரிக்கும் செய்து வைத்த கதவு அது.


பனிநாட்டான், ரொறன்ரோ:

அக்கா, நான் சில்லை மேசையாக்குகிற ஆள் இல்லை. அந்தக் கதவின் உள்பக்கத்தில் அப்பாவும் அத்தைமாரும் வளர வளர உயரம் குறித்த கோடுகள் இருக்கின்றன, உளியால் வெட்டின கோடு. அப்பா போன வருடம் போய்விட்டார். அதை முன்பின் தெரியாதவர் வாங்கிக்கொண்டு போவதை நினைக்கவே முடியவில்லை, அதனால்தான் கேட்டேன்.


கலைவாணி, வவுனியா:

தம்பி, அதை முதலிலேயே எழுதியிருக்கலாம். அப்படியென்றால் விற்க விடாதீர்கள். இன்றைக்கே சித்தப்பாவின் மகனுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லுங்கள்.


சீவுளி, மட்டக்களப்பு:

பனிநாட்டான், சட்டத்தை ஒரு பக்கம் வையுங்கள், மரத்தின் பக்கத்தில் இருந்து ஒன்று சொல்கிறேன். வன்னிக் காற்றில் கிடக்கிற மரத்தில் 12, 14 வீதம் ஈரம் இருக்கும். உங்கள் ஊரில் மாரியில் ஹீட்டர் போட்ட வீட்டுக்குள் அது 6 வீதத்துக்குக் கிட்ட இறங்கிவிடும். இரண்டு அடி அகல முதிரைப் பலகை அப்படி இறங்கினால் கால் அங்குலமாவது சுருங்கப் பார்க்கும். குறுக்குச் சட்டம் அதை மர ஆணியால் பிடித்து வைத்திருக்கிறது, சுருங்க விடாது. இரண்டுக்கும் நடுவே பலகைதான் வெடிக்கும். முன்கதவாகப் போட்டால் இன்னும் மோசம், உள்பக்கம் சூடு, வெளிப்பக்கம் பனி, ஒரு மாரியிலேயே வளைந்துவிடும். அந்த உயரக் கோடுகளுக்கு ஊடாக வெடிப்பு ஓடினால் பிறகு என்ன செய்வீர்கள்?

என் யோசனை இது. சித்தப்பாவின் மகன் வீட்டில் ஏதாவது ஒரு வாசலுக்கு அதைப் போடச் சொல்லுங்கள். செலவை நீங்கள் கொடுங்கள். நிலையோடு சேர்த்து எடுக்க வேண்டும், கதவை மட்டும் கழற்றினால் குடுமிக் குழி பொருந்தாது. சுவரை மேலே இருந்து கல் கல்லாக எடுத்துக்கொண்டு வந்தால் நிலை தானாக விடுபடும், அலவாங்கு போட்டு நெம்பினால் நிலையின் மூலையில் நீட்டி நிற்கிற கொம்பு பிளந்துவிடும். நிலையின் இரண்டு கால்களுக்கும் நடுவே குறுக்காக ஒரு மரச் சிலாகை அடித்துவிட்டுத்தான் அசைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூலைமட்டம் போய்விடும். கோடுகளை ஒரு பெரிய தாளில் கரியால் தேய்த்து எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள், அதைச் சட்டம் போட்டு அங்கே மாட்டலாம்.


மாங்குளத்தான்:

அண்ணை சொல்வதுதான் சரி. வட்டக்கச்சியில் பழைய மரத்தில் துண்டு இருக்கலாம், கழற்ற முதல் கருவி பிடித்துப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு மரக்காலையில் அந்தக் கருவி இருக்கிறது, இரவல் வாங்கலாம். நிலையின் அடிக்கால் மண்ணுக்குள் இருந்தால் முக்கால்வாசி உக்கியிருக்கும், அதை வெட்டிவிட்டுப் புது முதிரைத் துண்டு ஒட்டுப் போடலாம், அது இங்கே எல்லாத் தச்சருக்கும் தெரிந்த வேலை. அதே வளவுக்குள் கழற்றி மாட்டுவதென்றால் வீதியில் ஏற்றத் தேவையில்லை. மரக்காலைக்குக் கொண்டுபோய் அறுக்க வேண்டி வந்தால் மட்டும் முதலில் கிராம அலுவலரிடம் கேட்டு அனுமதியோடு ஏற்றுங்கள்.


தஞ்சைத் தச்சன்:

இதைப் படிச்சிட்டு எங்க தாத்தா வீட்டுக் கதவைப் போய்ப் பார்த்தேன். வார்னிஷ் அடிச்சு அடிச்சு மரமே தெரியல. அதைச் சுரண்டி எடுத்துட்டு என்ன பூசலாம்? தேங்காயெண்ணெய் போதுமா?


கலைவாணி, வவுனியா:

தேங்காயெண்ணெய் காயாது. குடுமிக்கு நல்லது, கதவு முகத்துக்குப் பூசினால் பிசுபிசுப்பாக நின்று தூசியைப் பிடிக்கும். இலுப்பெண்ணெயும் அப்படித்தான். காய்ந்து இறுகுகிற எண்ணெய் வேண்டுமென்றால் ஆளி எண்ணெய். மெல்லிதாகப் பூசி, கால் மணித்தியாலம் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஒரு நாள் விட்டு மறுபடி. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

சுரண்டும்போது ஒன்று. உங்கள் கதவு என்ன மரம் என்று தெரியாது, முதிரை என்றால் தூள் தோலுக்கு ஆகாது. என் அப்பாவுக்கு முதிரை வேலை நடக்கிற மாதமெல்லாம் முழங்கை வரைக்கும் சிவந்து கொப்பளிக்கும், அம்மா வேப்பிலை போட்டுக் காய்ச்சின தண்ணீர் வைத்திருப்பார். எல்லோருக்கும் வராது, வந்தவர்களுக்கு அடுத்த முறை இன்னும் கூடுதலாக வரும். நீளக் கைச் சட்டை, முகக்கவசம், வேலை முடிந்ததும் குளிப்பு. வேலை செய்த உடுப்போடு குழந்தைகளைத் தூக்காதீர்கள். கண்ணாடியால் சுரண்டுவதில் உள்ள நன்மை அதுதான், சுருள் வரும், தூள் பறக்காது.


பனிநாட்டான், ரொறன்ரோ:

எல்லோருக்கும் நன்றி. சித்தப்பாவின் மகனான அண்ணனோடு இரவே கதைத்தேன். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். அண்ணனுடைய வீட்டில் பின்விறாந்தைக் கதவு தகரம், அந்த இடத்துக்குப் போடலாம் என்கிறார், அண்ணிக்கும் விருப்பம். ஆனால் அங்கே வாசல் உயரம் ஆறரை அடி, பழைய நிலை ஆறடிக்குக் கொஞ்சம் குறைவாம். நிலையை உயர்த்தலாமா, சுவரை இறக்கலாமா?


மாங்குளத்தான்:

நிலையை ஒன்றும் செய்ய வேண்டாம். மேலே மிஞ்சுகிற இடத்துக்கு இரண்டு வரி கல் வைத்து அடைக்கலாம், காற்று வர வேண்டுமென்றால் மரச்சட்டம் போட்டுக் கம்பி விடலாம். நிலையின் உள் அகலம், வெளி அகலம், கால் இரண்டின் தடிப்பு, கீழ்ப்படியில் குடுமிக் குழி சுவரில் இருந்து எத்தனை அங்குலம் தள்ளி இருக்கிறது, இந்த அளவுகளை அண்ணனிடம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குழிக்குள் மண் நிரம்பியிருக்கும், கிளறி எடுத்துவிட்டு ஆழத்தையும் அளக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழை தொடங்க முதல் மாட்டிவிடலாம்.